தளர்ந்த ஆணிக்கு யார் பொறுப்பு?

ஒழுக்கம் பற்றிய கேள்விகள் பெரிய சந்தர்ப்பங்களில்தான் மனிதனிடம் வருகின்றன என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். முப்பத்தொரு வருடங்கள் தமிழ் படிப்பித்தவன் நான். நீதி, நியாயம் என்று வகுப்பில் நான் காட்டிய உதாரணங்கள் எல்லாம் அரசர்களுடையவை. தேர்க்காலில் மகனை இட்டவன், முடியைத் துறந்து காடேகியவன் என்று அவை நீளும். கடைத்தெருவில் நடந்த எதனையும் நான் உதாரணமாகக் காட்டியதில்லை. ஓய்வு பெற்ற பின்னர், நெல்மணியில் பாதிகூட இல்லாத ஓர் ஆணி என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டது. அதற்கு நான் சொன்ன முதலாவது பதில் பொய். ஆகவேதான் இதனை எழுத வேண்டியிருக்கின்றது.

எனக்கு வெள்ளெழுத்து வந்து இருபது வருடங்களாகின்றன. தூரப்பார்வையில் அதற்கு முன்பே குறை இருந்தது. கறுத்தத் தடித்த பிளாஸ்டிக் பிரேம் ஒன்றையே மாற்றி மாற்றி அணிந்து காலத்தை ஓட்டினேன். நான் ஓய்வு பெற்ற வருடம் மகள், "வாப்பா, இனியாவது வாத்தியார் மாதிரி இல்லாம இருங்களன்" என்று சொல்லி, ரிம்லெஸ் கண்ணாடி ஒன்று வாங்கப் பணம் தந்தாள். முகத்தில் கண்ணாடி இருப்பதே தெரியாத வகை அது. அறுபது வயதிலும் மனிதனுக்கு அழகில் ஆசை விடுவதில்லை. வாங்கி அணிந்து கொண்டேன்.

இவ்வகைக் கண்ணாடியின் அமைப்பை ஒரு கணம் சொல்ல வேண்டும். வில்லையைச் சுற்றி இதில் விளிம்பு கிடையாது. ஒவ்வொரு வில்லையிலும் மூக்குப் பக்கத்தில் ஒரு துளையும் காதுப் பக்கத்தில் ஒரு துளையும் இட்டு, மூக்கின் மேல் நிற்கும் பாலத்தையும் காதுக்கம்பிகளையும் அத்துளைகளில் ஆணியும் நட்டும் கொண்டு பொருத்தியிருப்பார்கள். சாதாரணக் கண்ணாடியில் பாரத்தைச் சுமப்பது பிரேம். வில்லைக்குப் பார்வையைத் தருவது மட்டுமே வேலை. ரிம்லெஸ்ஸில் வில்லையே பிரேமின் வேலையையும் செய்கின்றது. துளை விழுந்த இடத்தில்தான் அது முழுப் பாரத்தையும் தாங்குகின்றது.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள ஒரு கண்ணாடிக்கடையில்தான் அதனைச் செய்வித்தேன். அங்கு வேலை செய்த இளைஞன் என்னிடம் படித்தவன் அல்லன். ஆனாலும் "சேர்" என்றே அழைப்பான். வில்லை தெரிவு செய்யும்போதே அவன் சொன்னான்: "ரிம்லெஸ்ஸுக்குச் சாதாரண பிளாஸ்டிக் போட்டா துளையடியில வெடிக்கும் சேர். பொலிகார்பனேட் போடுங்க." விலையைக் கேட்டேன். கூடுதலாக இருந்தது. வியாபாரத் தந்திரம் என்று நினைத்து, சாதாரணமானதே போதும் என்றேன்.

அவன் சொன்னது தந்திரம் அல்ல என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். சாதாரண பிளாஸ்டிக் வில்லை என்று நாம் சொல்வது 1940களில் அமெரிக்காவில் உருவான சீ.ஆர். 39 என்ற பிசின் வகை. பார்வைக்கு மிகத் தெளிவானது. கண்ணாடியை விடப் பாரம் குறைந்தது. ஆனால் துளையிட்ட இடத்தில் அழுத்தம் கூடினால் கீறல் விடும். பொலிகார்பனேட்டும், 2001ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த டிரைவெக்ஸும் அவ்வாறு இலகுவில் கீறாதவை. இந்தக் கதையில் எனது முதலாவது பங்கு, அறிந்தவன் சொன்னதைக் கேளாமல் விட்டது.

மூன்றாவது மாதத்தில் கண்ணாடி ஆட்டம் காணத் தொடங்கியது. கழற்றி மேசையில் வைக்கும்போது ஒரு மெல்லிய கிலுகிலுப்பு. இடது வில்லை ஆணியில் சற்றே சுழன்றது. எனது கண்ணுக்குச் சிலிண்டர் பவரும் உண்டு; வில்லை சிறிது திரும்பினாலே எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் எழுத்து விழும். கடைக்குக் கொண்டு போனேன். அவன் ஆணியைக் கழற்றி, சிறிய பிளாஸ்டிக் வொஷரை மாற்றி, புரியில் ஏதோ ஒரு துளி இட்டு, இறுக்கித் தந்தான். காசு வாங்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டான்.

"ஒத்தக் கையால கழட்டுறீங்களா சேர்?"

"இல்ல தம்பி."

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனேன். அதே வேலை, அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறையும் அவ்வாறே. கேள்வியில் என்னைக் குற்றஞ்சாட்டும் தொனி இருப்பதாக எனக்குப் பட்டது. உள்ளபடி நான் ஒற்றைக் கையால்தான் கழற்றுகின்றேன். ஒரு கையில் புத்தகமோ வெண்கட்டியோ இருக்க, மறு கையால் கண்ணாடியைக் கழற்றிய முப்பத்தொரு வருடப் பழக்கம் அது. அந்த நேரத்தில் அது எனக்கே தெரிந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல விரும்புகின்றேன். தெரிந்திருந்ததா என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பின்னர் ஒரு நண்பரின் கவிதைத் தொகுதி வெளியீட்டு விழா வந்தது. நயவுரை என்னுடையது. முதல் நாளிரவு உரையை எழுதிக்கொண்டிருக்கையில் இடது வில்லை மீண்டும் ஆடியது. எனக்குக் கோபம் வந்தது. மனைவியின் தையல் மெசின் பெட்டியிலிருந்த சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"ராவைக்கு ஏன் இத நோண்டுறீங்க? காலையில அந்தப் புள்ளக்கிட்டயே குடுங்களன்" என்றாள் மனைவி.

கேட்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்பவனுக்கு அந்த நேரம் கண்ணில் கண்ணாடி இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆணியின் தலை எனக்கு ஒரு மங்கலான புள்ளியாகவே தெரிந்தது. விரலின் உணர்வைக் கொண்டே திருகினேன். நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தித் திருகினேன். "டிக்" என்று ஒரு சிறு ஓசை கேட்டது. ஆணி இடத்தில் போய் அமர்ந்த ஓசை அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அணிந்து பார்த்தேன். ஆட்டம் இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாலை மேடையில் உரையின் நடுவே கண்ணாடியைக் கழற்றி மீண்டும் போடுகையில் இடது வில்லை துளையிலிருந்து விளிம்பு வரை பிளந்து கவிதைத் தொகுதியின் மேல் விழுந்தது. சபை சிரித்தது. மிகுதிப் பகுதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்து முடித்தேன். அந்த அவமானத்தோடு காலையில் கடைக்குப் போனேன்.

கடையில் நான் உரத்த குரலில் பேசினேன். மூன்று முறை திருத்தியும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவனை வைத்து வியாபாரம் செய்கின்றீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் இளைஞனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், நீங்க ஏதும் கை வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

இளைஞன் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஆணியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பொருத்தமில்லாத கருவியால் திருகிய ஆணியின் தலையில் கீறலும் சிலும்பும் இருக்கும். அவனுடைய கருவி அந்த அடையாளத்தை விடுவதில்லை. நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. "புது வில்லை நாங்க போட்டுத் தாறம் மாஸ்டர். இவன்ட சம்பளத்துல கழிக்கிறன்" என்றார் கடைக்காரர். அது அவனுடைய மூன்று நாள் கூலி. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

*

அதன் பின்னர் பதினொரு நாட்கள் நான் எனக்காக வாதாடினேன். அந்த வாதம் பலவீனமானது அன்று. "நான் அழுத்தித் திருகியது உண்மை. ஆனால் ஏன் திருகினேன்? அது தளர்ந்திருந்தது. ஏன் தளர்ந்தது? அவன் திருத்தியது நிலைக்கவில்லை. ஆகவே மூல காரணம் அவன்தான். நான் பிழையான ஒரு வேலையின் விளைவை மட்டுமே அனுபவித்தேன்." இதனை ஒரு வழக்கறிஞர் கேட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பார். நீண்ட காலம் தர்க்கம் படித்தவன் தனக்கு எதிராக நடக்கும் வழக்கில் தோற்பது அரிது.

அந்தத் தர்க்கத்தை முடித்து வைக்கவே, ஆணிகள் ஏன் தளர்கின்றன என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அவனது வேலைதான் பிழை என்று எங்காவது எழுதியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு.

ஓர் ஆணியை இறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் இழுபடுகின்றது. இழுத்த இறப்பர் பட்டியைப் போல மீண்டும் சுருங்கப் பார்க்கின்றது. அந்த இழுவைதான் ஆணியின் புரியையும் நட்டின் புரியையும் ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கின்றது. அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வே ஆணியைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கின்றது. இந்த இழுவை குறைந்தால் ஆணி தளரும். 1969ஆம் ஆண்டு ஜெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜேர்மன் பொறியியலாளர், ஆணிகளை மிக விரைவாகத் தளர்த்துவது அவற்றின் நீளவாக்கில் வரும் இழுப்பன்று, பக்கவாட்டில் வரும் அசைவே என்று பரிசோதனை மூலம் காட்டினார். பக்கவாட்டில் வழுக்கும் ஒரு கணத்தில் உராய்வு பிடி விடுகின்றது. அந்தக் கணத்தில் ஆணி மயிரிழை அளவு பின்னோக்கித் திரும்புகின்றது. ஆயிரம் தடவை அவ்வாறு நடந்தால் ஆணி கழன்றுவிடும்.

இப்பொழுது ஒற்றைக் கையால் கண்ணாடியைக் கழற்றுவதை நினைத்துப் பாருங்கள். காதுக்கம்பி ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நீளமான ஒரு நெம்புகோல். ஒரு பக்கக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்கின்றோம். மறுபக்கக் கம்பி காதில் மாட்டி நிற்கின்றது. அந்த முறுக்கு முழுவதும் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள ஆணிகளின் மேல், அதுவும் பக்கவாட்டில் விழுகின்றது. நான் நாளொன்றுக்கு எத்தனை தடவை கழற்றிப் போடுகின்றேன் என்று எண்ணிப் பார்த்தேன். அன்று மாலைக்குள்ளேயே நாற்பதைத் தாண்டியது. அந்த நாற்பதில் இரண்டு கைகளையும் பயன்படுத்தியது ஒன்றுகூட இல்லை.

வேறு காரணங்களும் உண்டு. உலோகத்துக்கும் வில்லைக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் வொஷர், தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும்போது சிறிது சிறிதாக மெலிகின்றது. யாரும் தொடாமல் வைத்திருந்தாலும் பிடி குறையும். எங்கள் கரையோர வெயிலும் வியர்வையும் உப்புக் காற்றும் ஆணிக்கு நல்லவையல்ல. மோட்டார் சைக்கிளில் கல்முனை வீதியில் தினமும் போய்வருவதும் அதிர்வுதான். ஆக, தளர்வுக்கு ஒரு காரணம் இல்லை. ஒரு கூட்டமே இருக்கின்றது. அந்த இளைஞனுடைய வேலையில் பிழை இருந்ததாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அவன் ஒவ்வொரு முறையும் வொஷரை மாற்றியதும் புரியில் துளி இட்டதும் செய்ய வேண்டிய முறைதான் என்பதே கிடைத்தது.

கண்ணாடி தோன்றிய காலத்திலிருந்தே இந்தத் தொல்லை இருந்திருக்கின்றது. இத்தாலியின் திரெவிசோ நகரில் தொமாசோ தா மொதெனா 1352இல் வரைந்த சுவரோவியத்தில் கண்ணாடி அணிந்த ஒரு மதகுரு அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கின்றார். மூக்குக் கண்ணாடியைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்று அது. அக்காலக் கண்ணாடிக்குக் காதுக்கம்பி இல்லை. பிடியுள்ள இரண்டு வில்லைகளை நடுவில் ஓர் ஆணி அறைந்து இணைத்திருப்பார்கள். அந்த ஆணி இறுக்கமாக இருந்தால் கண்ணாடி மூக்கைக் கவ்வி நிற்கும், தளர்ந்தால் விழும். அன்றைய மதகுருவும் தளர்ந்த ஆணியைச் சுமந்து யாரிடமோ போயிருப்பார். யாரையோ ஏசியும் இருக்கலாம்.

ஆணியே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதனையும் செய்துவிட்டார்கள். ஒஸ்திரியாவின் சில்ஹவுட் நிறுவனம் 1999இல் ஆணியோ பிணைச்சலோ இல்லாத டைட்டேனியம் ரிம்லெஸ் ஒன்றை வெளியிட்டது. இவ்வகையில், துளைக்குள் பிளாஸ்டிக் உறை ஒன்றைச் செருகி, அதற்குள் கம்பியின் முனைகளை அழுத்திப் பொருத்துகின்றார்கள். ஆணி இல்லை, எனவே ஆணி தளர்வதும் இல்லை. ஆனால் அந்த உறை காலப்போக்கில் பிடி விடும். அதனையும் மாற்ற வேண்டும். பராமரிப்பிலிருந்து மனிதனை முற்றாக விடுவிக்கும் பொருள் ஒன்றை இதுவரை யாரும் செய்யவில்லை.

*

இந்த இடத்தில் எனக்கு ஸ்பினோசா நினைவுக்கு வந்தார். அம்ஸ்டர்டாமில் தனது சமூகத்தால் 1656இல் விலக்கப்பட்ட அந்தத் தத்துவஞானி வில்லைகளைத் தேய்த்து மெருகிட்டுச் சீவித்தவர். 1677இல் அவர் இறந்த பின்னரே அவரது 'எதிக்ஸ்' நூல் வெளிவந்தது. எந்தப் பொருளும் தனக்குள்ளிருந்தே அழிந்து போவதில்லை, வெளியிலிருந்து வரும் ஒரு காரணத்தாலேயே அழிகின்றது என்பது அந்நூலில் அவர் நிறுவ முனையும் கருத்துக்களுள் ஒன்று. வில்லை தேய்த்தவருக்கு அது கையனுபவத்திலேயே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகின்றது. மேசையில் கிடக்கும் வில்லை தானாகப் பிளப்பதில்லை.

எனது வில்லைக்கு வெளியிலிருந்து வந்த காரணம் எனது கை. ஆனால் காரணம் என்ற சொல்லில் ஒரு வசதியும் இருக்கின்றது. காரணத்துக்குக் காரணம் தேடிக்கொண்டே போகலாம். எனது கைக்குக் காரணம் தளர்வு. தளர்வுக்குக் காரணம் வொஷர். வொஷருக்குக் காரணம் செய்த கம்பனி. ரிம்லெஸ் வாங்கியதற்குக் காரணம் மகள். இந்தச் சங்கிலியில் எவனும் தனக்கு முந்திய கண்ணியைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் பதினொரு நாட்களாகச் செய்துகொண்டிருந்தது அதுதான். மூல காரணம் எது என்ற கேள்வி பொறியியலாளருக்குரியது. அது நல்ல கேள்வியும்கூட. பொறுப்பு பற்றிய கேள்வி அதனின்றும் வேறானது. இந்தச் சங்கிலியில் எனது கையில் இருந்த கண்ணி எது, அதனை நான் என்ன செய்தேன் என்பதே அது. எனது கையில் ஒன்றல்ல, நான்கு கண்ணிகள் இருந்தன. நல்ல வில்லையை மறுத்தேன். இரண்டு கைகளால் கழற்றவில்லை. கண் தெரியாமல் திருகினேன். கேட்டபோது இல்லை என்றேன். முதல் மூன்றையும் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பலாம். நான்காவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இன்னொன்றையும் கண்டேன். மாதக்கணக்காகச் செய்ய வேண்டிய சிறு கவனத்தைச் செய்யாமல் விட்டு, ஒரே இரவில் பலத்தைக் கொண்டு ஈடுசெய்யப் பார்த்தேன். ஆணியில் நான் செய்தது அது. மறுநாள் காலை கடையில் உரத்த குரலில் பேசியபோது அந்த இளைஞனிடம் செய்ததும் அதுவேதான். இறுக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் இறுக்கினால் வில்லையில் கீறல்தான் விழும். தாமதமாக விழித்தவனுக்கு அந்த எல்லை கண்ணில் படுவதில்லை. நாம் பிள்ளைகளை இறுக்குவதும் பெரும்பாலும் இவ்வாறான ஓர் இரவில்தான். ஓர் ஆசிரியனாக நானும் சிலரை அவ்வாறு இறுக்கியிருக்கின்றேன். அவர்களுள் பிளந்தவர் யார் என்று பார்க்க நான் திரும்பிப் போனதில்லை.

இதனால் கடைக்காரரின் நியாயம் சரியாகிவிடாது. கீறும் தன்மையுள்ள வில்லையைத் துளையிட்டு விற்கும் கடை, அதனை எப்படிப் பேண வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கவில்லை. நட்டம் வந்ததும் அதனை மிகக் குறைந்த சம்பளம் பெறுபவனின் தலையில் கட்டியது. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தாலும் அந்த வழக்கம் அநீதிதான். ஆனால் எனது பொய்க்கு அந்த வழக்கம் தேவைப்பட்டது. பழியைப் போட ஒருவன் கீழே இருக்கின்றான் என்று தெரிந்திருந்தபடியால்தான் "இல்லை" என்ற சொல் எனக்கு அவ்வளவு இலேசாக வந்தது. கடைக்காரரிடம் மட்டும் முடியும் விடயமாக இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

*

பன்னிரண்டாம் நாள் போனேன். கடைக்காரரிடம், இளைஞனும் கேட்கும்படியாக, நடந்ததைச் சொன்னேன். வில்லையின் விலையை மேசையில் வைத்தேன். கடைக்காரர் சிரித்தார். "அதுக்கென்ன மாஸ்டர், இதெல்லாம் நடக்கிறதுதானே" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது. இளைஞனை அவர் ஏசியபோது சிரிக்கவில்லை.

இளைஞன் எனக்கு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அவனிடம் அதனை எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பது அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. காசு அவன் கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கண்ணாடியக் கழட்டித் தாங்க சேர், பாப்பம்" என்றான். கழற்றினேன். ஒற்றைக் கையால். அவன் பார்த்தான்; நானும் பார்த்தேன்.

அந்தப் பதினொரு நாட்களில் ஒன்று நடந்திருந்தது. வில்லையில் துளையிடும் வேலையை அவனிடமிருந்து எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அலுமாரி துடைப்பதும் பில் எழுதுவதும்தான் அவனுக்கு. துளையிடுவது அந்தத் தொழிலில் கைதேர்ந்தவனின் வேலை. அதனைத் திரும்பத் தருமாறு கடைக்காரரிடம் இரண்டு தடவை பேசினேன். "பாப்பம் மாஸ்டர்" என்றார். காசைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. ஒருவனின் கையில் மற்றவர்கள் வைத்திருந்த நம்பிக்கையை அவ்வாறு எண்ணிக் கொடுக்க முடியவில்லை.

எழுத்தாளர் கூட்டங்களில் பார்த்தால் நம்மில் அரைவாசிப் பேர் கண்ணாடிக்காரர்கள். அவர்களுள் ரிம்லெஸ் அணிபவர்களுக்காக, அன்று அவன் எனக்குச் சொல்லித் தந்தவற்றையும் நான் வாசித்து அறிந்தவற்றையும் இங்கே எழுதி வைக்கின்றேன். இரண்டு கைகளாலும் இரு கம்பிகளையும் பிடித்து நேராக முன்னோக்கிக் கழற்றுங்கள். துடைக்கும்போது எந்த வில்லையைத் துடைக்கின்றீர்களோ அதே வில்லையின் ஓரத்தைப் பிடியுங்கள். மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடைத்தால் நடுப்பாலத்து ஆணிகள்தான் முறுகும். தலைக்கு மேல் ஏற்றி வைப்பதும், சட்டைப் பொத்தானில் தொங்கவிடுவதும், பையில் வெறுமனே போடுவதும் கூடாது. கெட்டியான கூட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச் செல்லாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஆட்டம் இல்லாவிட்டாலும், கடையில் காட்டுங்கள். சிறு ஆட்டம் தெரிந்தால் அன்றோ மறுநாளோ போங்கள். ஆடும் ஆணி துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும். நட்டை ஒரு கருவியால் பிடித்துக்கொண்டுதான் ஆணியைத் திருக வேண்டும். அதற்குரிய கருவி இல்லாதவர் தொடாமலிருப்பதே நல்லது. இறுக்கிய ஆணி அடுத்தடுத்து இரண்டு முறை தளர்ந்தால் இன்னும் இறுக்குவதில் பயனில்லை. வொஷரும் துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையும் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவற்றை மாற்ற வேண்டும்.

புரியைப் பிடித்து வைக்க ஒரு திரவம் இருக்கின்றது. 1953இல் வேர்னன் கிரீபிள் என்ற அமெரிக்க இரசாயனவியல் பேராசிரியர் உருவாக்கிய வகை. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருக்கும். காற்றுப் புகாத உலோக இடுக்கில் இறுகிவிடும். ஆனால் அது வில்லையில், குறிப்பாகப் பொலிகார்பனேட்டில், பட்டால் வெடிப்பு உண்டாகலாம். ஆகவே தெரிந்தவர் கையால் புரியில் மட்டும் இட வேண்டியது. அவசரத்துக்கு வீட்டிலுள்ள நிறமற்ற கியூடெக்ஸ் ஒரு சொட்டு, வில்லையில் படாமல், நட்டின் முனையில் வைக்கலாம்; கடைக்குப் போகும்வரை தாங்கும். சுப்பர் குளு வேண்டவே வேண்டாம். அதன் ஆவி வில்லையில் வெண்படலம் போல் படியும். அடுத்த முறை ஆணியைக் கழற்றவும் முடியாது.

இவற்றில் எதுவும் கடினமானதன்று. எல்லாம் சேர்ந்தாலும் நாளொன்றுக்கு ஒரு நிமிடம் செல்லாது. ஆயினும் எனக்கு இன்னும் பழகவில்லை. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கழற்ற வேண்டும் என்பது, கழற்றிய பின்னர்தான் ஞாபகம் வருகின்றது.

சென்ற மாதம் மூன்றுமாதச் சோதனைக்குப் போனேன். புதியவன் உள்ளே துளையிட்டுக்கொண்டிருந்தான். எனது கண்ணாடியை மட்டும் இவனிடமே தர வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன். உருப்பெருக்கியின் கீழ் வைத்து நான்கு ஆணிகளையும் பார்த்தான். நடுப்பாலத்து ஆணி ஒன்றில் சிறு ஆட்டம் இருந்தது.

"ரெண்டு கையாலயா சேர் கழட்டுறீங்க?"

"சில நேரம் மறந்து போகுது தம்பி. பாதிக்குப் பாதி ஒத்தக் கைதான்."

தலையை ஆட்டினான். வொஷரை மாற்றி, வில்லை ஆடாத அளவுக்கு மட்டும் திருகி, நிறுத்திக்கொண்டான்.